குப்தா ராஜனின் ஈரத் தரை

1

'லேஓவரை உருப்படியாகக் கழிப்பது எப்படி' என்பது இன்று தனியான ஓர் எழுத்து வகை. கிண்டலாகச் சொல்லவில்லை. சிறுகதைக்கு இருப்பதுபோல அதற்கும் ஒரு வடிவம் உண்டு. முதலில் உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேட்கும். மூன்று மணி நேரமா, வெளியே போகிற நினைப்பை விட்டுவிடுங்கள், குளித்துவிட்டு ஒரு காபி குடியுங்கள். ஆறு மணி நேரமா, ஓய்வறையில் தூங்குங்கள். பத்து மணி நேரமா, ரயிலைப் பிடித்து ஊருக்குள் போய் ஒரு கோயிலையோ சந்தையையோ பார்த்துவிட்டு வாருங்கள். கடைசியில் எப்போதும் ஒரு புத்திமதி: காத்திருப்பும் பயணத்தின் ஒரு பகுதிதான், அதையும் ரசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது கண் தானாகவே அதன் இஃப்-எல்ஸ் கட்டமைப்புக்குப் போய்விடும். நிரல் என்று பார்த்தால் இது ஓட்டை நிரல். முதல் உள்ளீடு என்று 'எத்தனை மணி நேரம்' என்பதை எடுத்துக்கொள்கிறது. உண்மையான விமான நிலையத்தில் ஓடுகிற நிரல் முதலில் சோதிப்பது 'எந்த ஊர் பாஸ்போர்ட்' என்பதை. அதற்குப் பிறகுதான் மணிக்கணக்கு.

நல்ல விமான நிலையத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். சிங்கப்பூரின் சாங்கி. லேஓவர் எழுத்து வகைக்கு அதுதான் காவிய நாயகன். டிரான்சிட் பகுதிக்குள்ளேயே பட்டாம்பூச்சித் தோட்டம், கள்ளித் தோட்டம், இலவச சினிமா. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், ஒரு நாளைக்குள் அடுத்த விமானம் என்றால் இலவசமாகவே ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். 2019-இல் திறந்த ஜுவல் என்ற கண்ணாடிக் கூடத்தின் நடுவில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி இருக்கிறது. மோஷே சஃப்டி வடிவமைத்தது. லேஓவர் கட்டுரைகளில் தவறாமல் வரும் படம் அதுதான்.

அந்த அருவி இருப்பது குடிநுழைவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம். அடியில் போய் நிற்க வேண்டுமென்றால் நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைந்தாக வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அதற்கு விசா வேண்டும். ஒரு சலுகை உண்டு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருந்து, அடுத்த ஊருக்கான டிக்கெட்டும் கையில் இருந்தால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே விடுவார்கள். கூகுள் கணக்கை வைத்து இன்னொரு தளத்தில் நுழைகிற மாதிரி. உன்னை எனக்குத் தெரியாது, ஆனால் அமெரிக்கா உன்னை நம்புகிறது என்றால் நானும் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கைச் சான்று இல்லாதவர்களுக்கு? டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜுவலுக்கு உள்ளே புகுந்து போகிறது. டிரான்சிட் பயணிகளின் பெட்டியும் அந்த வழியாகத்தான் போகும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சில நொடிகள் அருவியைப் பார்க்கலாம். இதையும் கட்டுரைகள் ஒரு 'டிப்ஸ்' ஆகச் சொல்கின்றன: வெளியே போகாமலே அருவி பார்க்க எளிய வழி! யாருக்கு அது எளிய வழி, யாருக்கு அது ஒரே வழி என்பதை மட்டும் சொல்வதில்லை.

இந்த வகை எழுத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பல தடவை உதவியிருக்கிறது. ஆனால் ஓர் எழுத்து வகை தன் வாசகனாக யாரைக் கற்பனை செய்துகொள்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் வேலை. லேஓவர் கட்டுரையின் வாசகன், காத்திருப்பை ஒரு சின்ன இடைஞ்சலாக மட்டுமே அறிந்தவன். அவனுக்கு முன்னால் எல்லாக் கதவும் திறக்கும். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். விமான நிலையத்தைப் பற்றி எழுதப்பட்ட புகழ்பெற்ற புத்தகங்களும், எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படமும் பெரும்பாலும் அதே ஆளைத்தான் மனதில் வைத்திருக்கின்றன. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க நினைக்கிறேன்.

2

முதலில் இந்த லேஓவர் எங்கிருந்து வந்தது?

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போனவர்களுக்குத் தெரியும். விமானம் நள்ளிரவிலோ விடிகாலை மூன்று நான்கு மணிக்கோ கிளம்பும். ஏன் இந்த அகால நேரம் என்றால், நடுவில் இருக்கிற விமான நிலையத்தின் வசதிக்காக. பல திசைகளிலிருந்து வரும் விமானங்களை ஓர் அலையாக இறக்கி, பயணிகளைக் குலுக்கிப் பிரித்து, இன்னோர் அலையாக ஏற்றி அனுப்புவது அந்த நிலையங்களின் தொழில். உங்கள் விமானம் சரியான அலையில் விழுந்தால் இரண்டு மணி நேரம். அடுத்த அலை என்றால் எட்டு, பத்து, பதினாலு மணி நேரம். லேஓவர் தற்செயலாக நடப்பதில்லை, அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

டிக்கெட் தேடும்போது இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். காத்திருப்பு நீளமாக இருக்கும் டிக்கெட் பெரும்பாலும் மலிவாக இருக்கும். பதினொரு மணி நேரக் காத்திருப்புள்ள டிக்கெட்டை எடுக்கும்போது, நம் வாழ்க்கையிலிருந்து பதினொரு மணி நேரத்தை எடுத்து விமான நிறுவனத்திடம் விற்றுவிட்டு, அதற்கான காசைத் தள்ளுபடியாக வாங்கிக்கொள்கிறோம். விற்ற பொருளை 'நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று நம்மிடமே சொல்வதுதான் லேஓவர் கட்டுரை.

நாம் விற்ற அந்த நேரத்தை இன்னொருவர் பயன்படுத்திக்கொள்கிறார். உலகின் முதல் டூட்டி ஃப்ரீ கடை 1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் திறக்கப்பட்டது. அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் அந்தக் காலத்தில் எரிபொருள் நிரப்ப ஷானனில் இறங்கியாக வேண்டும். பயணிகள் இறங்கிச் சும்மா நிற்பார்கள். பிரெண்டன் ஓ'ரீகன் என்பவர் அங்கே உணவகப் பொறுப்பில் இருந்தவர். சும்மா நிற்கிற இந்தப் பணக்காரர்கள் சட்டப்படி எந்த நாட்டுக்குள்ளும் நுழைந்துவிடவில்லையே, அப்புறம் எதற்கு வரி என்று யோசித்தார். லேஓவரை முதன்முதலில் உருப்படியாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஒரு பயணி அல்ல, கடைக்காரர்.

இன்று விமான நிலைய நிர்வாகத்தில் 'தங்கு நேரம்' என்பது ஓர் அளவீடு. பாதுகாப்புச் சோதனை முடிந்து விமானம் ஏறும்வரை ஒரு பயணி எத்தனை நிமிடம் உள்ளே இருக்கிறார் என்பதை அளந்து வைத்திருப்பார்கள். சோதனை முடிந்ததும் நீங்கள் நேராகக் கேட்டுக்குப் போக முடியாமல், வாசனைத் திரவியக் கடைக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறீர்களே, அந்தப் பாதையை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். நாங்கள் செயலிகளில் பயனர் எங்கே விரலை வைக்கிறார் என்று கணக்கெடுக்கிறோமே, அதே வேலைதான். எங்களுக்கு ஸ்க்ரோல், அவர்களுக்குக் கம்பளம்.

3

இனி புத்தகங்களுக்கு வருவோம். விமான நிலையம் என்றதும் இலக்கிய வட்டாரத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற பெயர் மார்க் ஓஜே. பிரெஞ்சு மானுடவியலாளர். 1992-இல் வெளிவந்த புத்தகத்தில் அவர் 'இடமல்லா இடம்' என்ற கருத்தை முன்வைத்தார். விமான நிலையம், நெடுஞ்சாலை, பேரங்காடி, சங்கிலித் தொடர் ஓட்டல் போன்றவை மனிதர்களின் வரலாறோ உறவோ அடையாளமோ படியாத இடங்கள் என்றார். அங்கே நாம் பெயரற்றவர்களாகிறோம். பயணி, வாடிக்கையாளர் என்ற பாத்திரம் மட்டும்தான் மிஞ்சும்.

புத்தகத்தின் முகப்பில் ஒரு சின்னக் கதை வருகிறது. பியேர் துப்போன் என்று ஓர் ஆள். நம்மூரில் குப்புசாமி, ராமசாமி என்று சொல்வதுபோல எல்லாருக்கும் பொதுவான பிரெஞ்சுப் பெயர். அவர் பணம் எடுக்கிறார், காரை எடுத்துக்கொண்டு பாரிஸின் ஷார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் போகிறார், பெட்டியை ஒப்படைக்கிறார். அதன் பிறகு ஒரு விடுதலை உணர்வு: சுமை இறங்கியாயிற்று, இனி செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பக்கங்கள் அழகானவை. தனியாகப் பறக்கும் எவருக்கும் அந்த லேசான மயக்கம் தெரியும். எனக்கும் தெரியும்.

ஓஜே கெட்டிக்காரர். இந்தப் பெயரற்ற நிலையை அடைவதற்கு முன்னால் நாம் நம் பெயரை நிரூபித்தாக வேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் யாருமற்றவராக ஆக முடியும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துபோகிறார். நிரூபிக்க முடியாதவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியில் அவர் நிற்கவில்லை.

இத்தனைக்கும் அதே 1992-இல், அதே ஷார்ல் து கோலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெஹ்ரான் கரிமி நசேரி. ஈரானில் பிறந்தவர். 1988-இலிருந்து முதலாம் டெர்மினலின் கீழ்த்தளத்தில், கடைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு இருக்கையில் வாழ்ந்தார். அகதி ஆவணங்கள் கையில் இல்லை. பிரெஞ்சு நீதிமன்றம் 1992-இல் அவர் விஷயத்தில் ஒரு தீர்ப்பு சொன்னது: இவரை விமான நிலையத்திலிருந்து வெளியேற்ற முடியாது, அதே சமயம் பிரான்ஸுக்குள் நுழைய அனுமதியும் தர முடியாது. துப்போன் பெட்டியை ஒப்படைத்துவிட்டு லேசாக நடந்த அதே வளாகத்தில், நசேரி தன் பெட்டிகளைச் சுற்றி அடுக்கிவைத்து டைரி எழுதிக்கொண்டிருந்தார்.

பாரிஸின் இன்னொரு விமான நிலையம் ஓர்லி. அதே 1992, மார்ச் மாதம். சோமாலியாவிலிருந்து தப்பி, டமாஸ்கஸ் வழியாக வந்த அமூர் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு உடன்பிறந்தவர்கள் அங்கே இறங்கினார்கள். டிரான்சிட் பகுதியிலும், அதன் நீட்சியாக அறிவிக்கப்பட்ட ஓர் ஓட்டலின் பகுதியிலும் அவர்களை 20 நாள் வைத்திருந்து, பிறகு சிரியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிரெஞ்சு அரசின் வாதம் இதுதான்: நாங்கள் யாரையும் சிறை வைக்கவில்லை, அவர்கள் பிரான்ஸுக்குள்தான் வர முடியாது, வேறு எங்கு வேண்டுமானாலும் போகலாமே! 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பன்னாட்டுப் பகுதி என்று பெயர் வைத்தாலும் அது பிரான்ஸின் மண்தான், பிரான்ஸின் சட்டம் அங்கேயும் செல்லும் என்றது.

ஓர் ஊர், ஒரே வருஷம், மூன்று பேர். துப்போனுக்கு அது இடமல்லா இடம். நசேரிக்கு அதுதான் முகவரி. அமூர் குடும்பத்துக்கு அது சட்டத்தின் கண்ணில் ஒரு நாடு, அதிகாரியின் கண்ணில் நாடே இல்லை. ஓஜேயின் கருத்தை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அது துப்போனின் அனுபவத்தைத் துல்லியமாகச் சொல்கிற கருத்து. அதை 'மனிதனின்' அனுபவம் என்று நாம் மேற்கோள் காட்டும்போதுதான் பிசகுகிறது. சென்னையில் உட்கார்ந்து விசா நேர்காணலுக்கு நகல்கள் எடுத்துக்கொண்டிருக்கிற நாம், துப்போனின் களைப்பை நம் களைப்பாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

4

நசேரியின் வாழ்க்கையிலிருந்து தூண்டப்பட்டது என்று சொல்லப்படும் படம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'தி டெர்மினல்' (2004). பார்க்காதவர்கள் குறைவு. கிராகோழியா என்ற கற்பனை நாட்டிலிருந்து நியூயார்க்குக்கு வருகிறார் விக்டர் நவோர்ஸ்கி. அவர் பறந்துகொண்டிருக்கும்போதே நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு. பாஸ்போர்ட் செல்லாது. உள்ளேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. டிரான்சிட் கூடத்தில் மாதக்கணக்கில் வாழ்கிறார். டாம் ஹாங்க்ஸ் நடித்தால் எந்தத் துயரமும் கொஞ்ச நேரத்தில் நம் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடும். அந்த மாயம் இதிலும் வேலை செய்கிறது.

படத்தை இப்போது பார்த்தால் அது ஒரு நீண்ட லேஓவர் கட்டுரை மாதிரித் தெரிகிறது. விக்டர் ஒரு நிமிடத்தையும் வீணாக்குவதில்லை. ஒரே வழிகாட்டி நூலை இரண்டு மொழிகளில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்கிறார். தள்ளுவண்டிகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுக் காசு சேர்த்து பர்கர் வாங்குகிறார். பழுதுபார்க்க மூடிவைத்த 67-ஆம் கேட்டில் நாற்காலிகளைச் சேர்த்துப் படுக்கை செய்கிறார். கட்டட வேலை பிடிக்கிறார். நண்பர்கள் சேர்கிறார்கள், காதலும் வந்துவிடுகிறது. காத்திருப்பை எப்படி முன்னேற்றமாக மாற்றுவது என்பதற்கு ஒரு பாடம். அமெரிக்கா அவரை உள்ளே விடவில்லையே தவிர, அவர் ஏற்கெனவே நல்ல அமெரிக்கராக ஆகிவிட்டார்.

நசேரி இப்படி ஒன்றும் செய்யவில்லை. எழுதினார், வானொலி கேட்டார், காலையில் கழிவறையில் முகம் கழுவிச் சவரம் செய்துகொண்டார், எழுதினார். 1999-இல் வெளியேறுவதற்கான ஆவணங்கள் கிடைத்தபோது கையெழுத்திட மறுத்தார். அதில் இருந்த பெயரும் தேசமும் தன்னுடையவை அல்ல என்றார். 2006-இல் உடல்நிலை காரணமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். 2022-இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் அதே விமான நிலையத்துக்குத் திரும்பி வந்து, நவம்பரில் அங்கேயே இறந்தார். நீண்ட காத்திருப்பு ஓர் ஆளின் 'வெளியே போக வேண்டும்' என்ற ஆசையையே தின்றுவிடும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் இருக்கிற பயங்கரம். ஸ்பீல்பெர்க்கின் படம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதை வைத்துச் சிரிக்கவைக்க முடியாது.

இன்னொரு விஷயம். இன்றைய அமெரிக்க விமான நிலையங்களில் விக்டர் வாழ்ந்ததுபோல ஒரு டிரான்சிட் கூடம் கிடையாது. அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போவதென்றாலும் குடிநுழைவைத் தாண்டியாக வேண்டும். நமக்கு அதற்கே விசா வேண்டும். விசா இல்லாமல் மாறிப்போக இருந்த கொஞ்ச வசதியையும் 2003 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். ஒரு வருஷம்கூட ஆகாமல் இந்தப் படம் வெளிவந்தது. நிஜத்தில் மூடப்பட்ட கூடத்தை ஸ்பீல்பெர்க் கலிஃபோர்னியாவில் ஒரு விமானக் கொட்டகைக்குள் முழு அளவில் கட்டினார், அசல் கடைப் பெயர்ப்பலகைகளோடு.

ஆனால் தமிழ் வாசகர்களாகிய நாம் இந்தப் படத்தில் பார்க்க வேண்டிய ஆள் விக்டர் இல்லை. தரை துடைக்கிறாரே, அந்தக் கிழவர். குப்தா ராஜன். மெட்ராஸ்காரர்.

பெயரைப் பாருங்கள்: வடக்கத்திக் குலப்பெயர் முன்னால், தெற்கத்திப் பெயர் பின்னால். ஹாலிவுட்டின் மெட்ராஸ் அப்படித்தான் இருக்கும். நடித்தவர் குமார் பல்லானா, இந்தூரில் பிறந்தவர், தட்டுகளைக் கம்பிமேல் சுழற்றும் வித்தைக்காரராக உலகம் சுற்றியவர். படத்திலும் அந்த வித்தையைக் காட்டுகிறார். அதெல்லாம் இருக்கட்டும். கதைப்படி குப்தா 1979-இல் மெட்ராஸில் சின்னக் கடை வைத்திருந்தவர். மாமூல் கேட்டுத் தொல்லை கொடுத்த போலீஸ்காரரைக் கத்தியால் குத்திவிட்டு ஓடிவந்தார். திரும்பினால் சிறை. அதனால் இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த டெர்மினலில் தலையைக் குனிந்து தரை துடைக்கிறார். விக்டரின் மாதக்கணக்கைப் படம் எண்ணுகிறது. குப்தாவின் வருஷக்கணக்கு ஒரு வசனத்தில் வந்து போகிறது.

குப்தாவுக்கு இரண்டு பொழுதுபோக்கு. ஒன்று, ஈரத் தரையில் எச்சரிக்கைப் பலகையை வைத்துவிட்டு உட்கார்ந்து, அதைக் கவனிக்காமல் அவசரமாக ஓடுகிறவர்கள் வழுக்கி விழுவதைப் பார்ப்பது. இரண்டு, விக்டரின் உணவுக் கூப்பன்கள் குப்பையோடு போய்விட, விக்டர் வந்து கேட்கும்போது, முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது. அரங்கமே சிரிக்கிற இடங்கள். என்னைக் கேட்டால் படத்தின் மிகக் கூர்மையான அரசியல் இந்த இரண்டு நகைச்சுவையில்தான் இருக்கிறது. கூப்பன் காட்சியில் குப்தா தன் குப்பைத்தொட்டியை ஒரு குடிநுழைவுக் கவுண்டராக மாற்றிக்கொள்கிறார். இருபது வருஷம் அதிகாரிகளைப் பார்த்துப் பார்த்து அவர் கற்றுக்கொண்ட மொழி அது. ஈரத் தரையோ, பயணிகளின் வேகத்தை அவர் வசூலிக்கிற வரி. எல்லாரும் எங்கோ போய்க்கொண்டே இருக்கிற இடத்தில், போகவே முடியாத ஒருவர் அவர்களை ஒரு நொடி தரையில் உட்காரவைக்கிறார்.

இவ்வளவு நல்ல பாத்திரத்தை உருவாக்கிவிட்டு, படம் அவரை என்ன செய்கிறது? விக்டர் ஊருக்குப் போகும் விமானத்தில் ஏறாவிட்டால் அவருடைய நண்பர்களை வேலையைவிட்டுத் தூக்குவேன், குப்தாவை நாடு கடத்துவேன் என்று அதிகாரி மிரட்டுகிறார். நண்பர்களுக்காக விக்டர் நியூயார்க்கைப் பார்க்காமலே கிளம்பத் தயாராகிறார். அப்போது குப்தா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதைப் பக்கம் போய், அந்த விமானத்தின் முன்னால் நிற்கிறார். போலீஸ் வருகிறது. குப்தா சிக்கிக்கொள்கிறார், விக்டரை மிரட்ட இனி அவர் இல்லை. விக்டர் வெளியே போகிறார், டாக்ஸி பிடிக்கிறார், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கின்படி ஒரு ஜாஸ் கலைஞரிடம் கையெழுத்து வாங்குகிறார், ஊருக்குத் திரும்புகிறார்.

யோசித்துப் பார்த்தால் விக்டர் கடைசியில் செய்வது, லேஓவர் கட்டுரைகள் சொல்கிற அதே விஷயம்: சில மணி நேரம் கிடைத்தால் நகருக்குள் போய் ஒரு முக்கியமான இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பு. அந்தச் சில மணி நேரத்துக்கு விலையாக ஒரு மெட்ராஸ்காரர் ஜெயிலுக்குப் போகிறார். படம் அதைத் தியாகம் என்று இசையோடு காட்டிவிட்டு மறந்துவிடுகிறது. பிறகு குப்தாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படம் இது. குடிநுழைவு அதிகாரத்தைக் கேலி செய்யும் துணிச்சலும் அதற்கு இருக்கிறது. ஆனாலும் யாருடைய காத்திருப்பு கதை, யாருடையது துணைக்கதை என்பதில், அது கேலி செய்கிற அதிகாரியைப் போலத்தான் ஆட்களைத் தரம் பிரிக்கிறது.

5

எதிர்ப்பக்கத்தில் ஒரு புத்தகத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2009-இல் ஹீத்ரோ விமான நிலையத்தை நடத்திய நிறுவனம் அலென் து பொத்தோனை ஒரு வாரம் அங்கே தங்கி எழுத அழைத்தது. ஐந்தாம் டெர்மினலின் புறப்பாட்டுக் கூடத்தில் அவருக்கு ஒரு மேசை போட்டார்கள். 'விமான நிலையத்தில் ஒரு வாரம்' என்ற சிறு நூல் அப்படி வந்தது. காசு கொடுத்து எழுதவைத்த புத்தகம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் ஷூ பாலிஷ் போடுகிறவரிடம் பேசுகிறார், மதகுருக்களிடம் பேசுகிறார், விமான உணவு சமைக்கும் கூடத்துக்குப் போகிறார். விமான நிலையம் பலருக்கு வேலைத்தளம் என்பதை அவர் மறக்கவில்லை. ஓஜேயிடம் இல்லாத மனிதர்கள் இவரிடம் இருக்கிறார்கள்.

புத்தகத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு ஆசையைச் சொல்கிறார்: விமானம் தாமதமாக வேண்டும் என்று பல தடவை ஏங்கியிருக்கிறாராம், விமான நிலையத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று. அழகான ஆசை. அதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அதே ஹீத்ரோ, 22 வருஷத்துக்கு முன்னால்.

1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் அங்கே வந்து தஞ்சம் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. அவர்களை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்ப முயன்றபோது, விமானத்தின் பக்கத்தில் பலர் உடைகளைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு குளிரில் நின்றார்கள். வெளியேற்றம் நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. அவர்களும் ஹீத்ரோவில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஏங்கியவர்கள்தான்.

அந்த வருஷமே பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால், ஆளுக்கு 1000 பவுண்ட் அபராதம் விமான நிறுவனத்துக்கு. இதன் அர்த்தம் என்னவென்றால், இனி எல்லையில் நிற்பவர் குடிநுழைவு அதிகாரி மட்டுமல்ல. கொழும்பிலோ சென்னையிலோ போர்டிங் பாஸ் கொடுக்கிற கவுண்டர் ஊழியரும்தான். அவர் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, டிரான்சிட் விசா இருக்கா என்று கேட்கிறாரே, அது அவர் குணமல்ல, அபராதத்தின் பயம். இன்றைக்கும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளின் பொதுப் பட்டியலில், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் மாறிப்போவதற்கே விசா வாங்க வேண்டிய தேசத்தவர்களில் இலங்கையரும் இருக்கிறார்கள். பட்டாம்பூச்சித் தோட்டம் எல்லாம் அப்புறம்; அந்த நாற்காலியில் உட்காரவே அனுமதி வேண்டும்.

தமிழில் விமான நிலையம் பற்றி நல்ல எழுத்து இல்லையே என்று நண்பர்கள் சில சமயம் சொல்வார்கள். தேடுகிற இடம் தப்பு. புலம்பெயர்ந்தவர்களின் எழுத்தில் அது நிறைய இருக்கிறது, வேறு வடிவத்தில். ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் ஓர் அகதி விண்ணப்பக் கடிதத்தோடு தொடங்குகிறது. துப்போனின் உலகத்தில் பயணத்தின் இலக்கியம் வழிகாட்டி நூல். இந்தப் பக்கத்து உலகத்தில் அது மனு. ஒன்று 'எப்படி ரசிப்பது' என்கிறது, இன்னொன்று 'ஐயா, என்னை நம்புங்கள்' என்கிறது.

6

சரி, அப்போது லேஓவரில் என்னதான் செய்வது? குற்றவுணர்ச்சியோடு ஒரு மூலையில் உட்கார வேண்டுமா? அப்படியெல்லாம் இல்லை. தூங்குங்கள், குளியுங்கள், முடிந்தால் ஊருக்குள் போய் வாருங்கள். டிக்கெட் எடுக்கும்போதே இறங்குகிற ஒவ்வொரு ஊரிலும் நம் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பாருங்கள்; எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா, பெட்டி கடைசி ஊர்வரை போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவையெல்லாம் எந்தத் தோட்டத்தைவிடவும் முக்கியமான டிப்ஸ்.

வாசகராக ஒன்றைச் சேர்க்கலாம். சுற்றி யார் லேஓவரில் இல்லை என்று பாருங்கள். வளைகுடாவின் ஒரு விமான நிலையத்தில் அதிகாலையில் நான் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, துப்புரவு வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விருதுநகர்ண்ணே. உங்களுக்கு?"

"பரமக்குடி பக்கம். அமெரிக்காவா?"

"ஆமாண்ணே. அடுத்த ஃபிளைட்டுக்கு இன்னும் ஒம்பது மணி நேரம் இருக்கு. உங்களுக்கு இங்க எத்தன வருசம்?"

"பதினொண்ணு." சிரித்தார். "நாங்க ஏர்போர்ட்டுக்கு பஸ்ல வந்து பஸ்ல போறவங்க தம்பி. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவு வரும்போதுதான் நம்மளும் பாசெஞ்சர்."

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிரே ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. பேசி முடிக்கும்வரை அவர் அதில் உட்காரவில்லை. நானும் 'உட்காருங்கண்ணே' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அவரைப் பற்றி ஒரு படம் வந்தால் அதில் நான் துணைப்பாத்திரம்கூட இல்லை, நாற்காலியில் கால் நீட்டித் தூங்குகிற கூட்டத்தில் ஒரு தலை. 'தி டெர்மினல்' மாதிரிப் படங்களை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பவரின் உயரத்திலிருந்து பார்த்தால் வேறு கேள்விகள் வருகின்றன. எனக்கு வருகிற கேள்வி நடைமுறை சார்ந்தது. படம் வெளிவந்த 2004-இல் நியூயார்க்கிலிருந்து சென்னைக்கு எங்கும் இறங்காமல் போகும் விமானம் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. நாடு கடத்தப்பட்டாலும் குப்தா எங்காவது ஒரு டெர்மினலில் இறங்கி, மாறித்தான் போயிருக்க வேண்டும். லண்டனோ, ஃபிராங்க்ஃபர்ட்டோ, துபாயோ. பக்கத்தில் காவலர் இருந்திருப்பார். அந்தச் சில மணி நேரம் அவர் என்ன செய்திருப்பார், தரை எப்படித் துடைத்திருக்கிறார்கள் என்று பார்த்திருப்பாரா, ஈரத்தில் யாராவது வழுக்கினார்களா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஸ்பீல்பெர்க் அந்தக் காட்சியை எடுக்கவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான் என்று தோன்றுகிறது.